செங் எந்த நாட்டுக்காரன் என்று கேட்பவர்களுக்கு

செங் போய்விட்டான். இன்று காலை, மருத்துவமனையில். அவன் மகள் மெய் லிங் போன் செய்து சொன்னாள்.

ஸ்பிரிங்வேலில் மலேசியச் சாமான் கடை வைத்திருந்த செங். சம்பல், பெலாச்சான், மீன்கறித் தூள் எல்லாம் வைத்திருப்பான். மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும்.

சீனன். ஆனால் தமிழ் நம்மைப் போலப் பேசுவான். மலேசியாவில், பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன்.

நான் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "என்னா அண்ணே, பசியாறியாச்சா?" பசியாறுவது என்றால் எங்களுக்குக் காலைச் சாப்பாடு. மணி மாலை நாலாக இருந்தாலும் அதேதான்.

ஒருநாள் கடையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "நீங்கள் இந்தியாவோ?"

"மலேசியா."

"ஓம், அது சரி. முந்தி எவ்விடம்?"

"முந்தியும் மலேசியாதான்."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து செங் குரல் கொடுத்தான். "அதுக்கும் முந்தி மலாயா லா!"

அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வை... "ஐயோ, இவர் தமிழ் கதைக்கிறார்!"

இந்த ஊரில் என்னைப் பார்த்தால் இந்தியன் அல்லது சிலோன்காரன். அவனைப் பார்த்தால் சீனாக்காரன் அல்லது வியட்நாம்காரன். நாங்கள் சொல்லும் பதிலை யாரும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருவரும் இங்கே பல வருடம் நிரந்தரவாசிகளாகவே இருந்தோம். இங்கே குடியுரிமை எடுத்தால் மலேசியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். சிவப்புப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டோம் என்று இருவரும் பிடிவாதமாக இருந்தோம்.

என் பிள்ளைகள் கேட்பார்கள், உங்களுக்கு அந்த நாடு என்ன செய்தது என்று. ஒன்றும் செய்யவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விற்றார்கள், எங்களை வெளியே போ என்றார்கள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன்.

அதற்காகவே கொடுக்க மாட்டேன். குடிமகனாக இருந்தால்தான் சண்டை போட முடியும். இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது, பின்னூட்டத்தில் யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

பிறகு செங்கின் அம்மா ஈப்போவில் படுக்கையில் விழுந்தார். பதறிக்கொண்டு போனான். காரியம் எல்லாம் முடித்துத் திரும்பும்போது விமான நிலையத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குள் திரும்பி வருவதற்கான விசா காலாவதி ஆகியிருந்தது. நிரந்தரவாசி என்று கொடுத்துவிட்டார்களே, அதற்குப் போய் காலாவதி இருக்கும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

அங்கிருந்து எனக்குத்தான் போன் செய்தான். "அண்ணே, சொந்த நாட்டுல மாட்டிக்கிட்டேன் லா!"

சிரித்துக்கொண்டே சொன்னான். இங்கே அவன் மனைவி சிரிக்கவில்லை. அவன் வந்து சேரும்வரை தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டாள், என்னையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

வந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தான். என்னிடம் சொல்லவில்லை. கவுன்சிலில் குடியுரிமை கொடுக்கும் விழா முடிந்து நேராகக் கடைக்கு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். கையில் ஒரு செடிக்கன்று. விழாவில் எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

"நாட்டைக் குடுத்துட்டு செடி வாங்கிட்டு வந்தியா?" என்றேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும்.

"நல்ல செடி லா அண்ணே," என்றான். அவ்வளவுதான். வேறு எவனாவது இருந்தால் அடித்திருப்பான்.

அதற்குப் பிறகும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "மலேசியா" என்றே சொல்வான். நான் விட மாட்டேன். "அதை இனிமே நீ சொல்லக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். அவன் மகள் முகம் சுளிப்பாள்.

பேட்மின்டன் ஆட்டம் என்றால் கடையில் வியாபாரம் நடக்காது. காசை நீட்டிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள், செங் டிவியை விட்டு நகர மாட்டான். ஒருமுறை மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. மலேசியாவுக்காகத் தொண்டை கிழியக் கத்தினான்.

"உன் ஆளு அந்தப் பக்கம்டா," என்றேன்.

"சும்மா இருண்ணே, மேட்ச் பாயிண்ட்!"

...

இன்று மத்தியானம் மெய் லிங் மறுபடியும் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது, ஆங்கிலத்தில்தான் பேசுவாள். இறுதிச் சடங்கை நடத்துபவர் ஆரம்பத்தில் செங்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். "சீன ஆஸ்திரேலியர்" என்று சொல்லலாமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"கூடாது. மலேசியன் என்று சொல்லச் சொல்," என்றேன்.

உடனே கேட்டாள், "அங்கிள், அவர் மலேசியன் இல்லை என்று இத்தனை வருடமாகச் சொன்னதே நீங்கள்தானே?"

ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றும் சொல்கிறேன், அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தது தப்பு.

ஆனால் அது எனக்கும் அவனுக்கும் உள்ள சண்டை. நான் சொல்லலாம். அவனைத் தெரியாத ஒருவர் மைக்கில் சொல்லக் கூடாது. அவளிடம் இதையேதான் சொன்னேன்.

அவள் அழுதாள். "ஓகே அங்கிள்," என்றாள். பிறகு, "நீங்களே வந்து சொல்லுங்களேன்," என்றாள்.

சரி என்றிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, ஸ்பிரிங்வேல். தெரிந்தவர்கள் வாருங்கள். நான்தான் முதலில் பேசுகிறேன். தமிழிலும் சொல்வேன், அவனுக்குப் புரியும்.

கோபம் போகவில்லை, செங். ஆனாலும் வருகிறேன்.

நல்லபடியாகப் போய் வா, தம்பி.