‘திரும்பச் சொல்லு’ அக்கா

என் அக்காவுக்கு வேலையிடத்தில் ‘திரும்பச் சொல்லு’ என்று பெயர். ஆம்புலன்சையும் தீயணைப்பு வண்டியையும் வயர்லெஸ்ஸில் அனுப்பிவைக்கும் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். தெருப்பெயரோ கதவு எண்ணோ, யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை திரும்பச் சொல்லவைக்காமல் விடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். கடைக்குப் போகும் அத்தான், ‘தக்காளி ஒரு கிலோ’ என்று ஒப்பித்த பிறகுதான் செருப்பை மாட்ட முடியும்.

அப்பேர்ப்பட்டவள் போன மாதம் ஒரு மெயிலில் விழுந்தாள். ‘அடுத்த மாத ஷிப்ட் பட்டியல்’ என்று தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு யாருக்கு என்று பார்க்கத் துடிக்காத ஆள் அந்த அறையில் உண்டா? திறந்தாள், கேட்ட இடத்தில் பாஸ்வேர்டையும் போட்டாள். அது சைபர் பாதுகாப்புப் பயிற்சிக்காரர் வைத்த பொறி. இரண்டு நாள் பயிற்சி, முடிவில் ஒரு சோதனை, அதிலும் ஏமாந்தால் வயர்லெஸ் நாற்காலியை விட்டுக் கோப்பு அறைக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா எனக்கு ஒரு நாளில் மூன்று முறை போன் செய்தாள். கடலுக்கு இந்தப் பக்கம், வெளிநாட்டில் இருக்கும் எனக்குக் கடிக்க நகம் மிஞ்சவில்லை.

சோதனை நாளன்று அறையே மெயிலைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தது. டீ குடிக்க வாருங்கள் என்று மேலாளர் நிஜமாகவே அனுப்பியதைக்கூட எவரும் தொடவில்லை. பாவம், தனியாகக் குடித்தார்.

பொறியோ மெயிலில் வரவில்லை. மதியம் வயர்லெஸ்ஸில் மூச்சிரைக்க ஒரு குரல். வண்டி ஏழு பேசுகிறேன், உள்ளே நோயாளி இருக்கிறார், வழிகாட்டும் திரை பூட்டிக்கொண்டது, உங்கள் பாஸ்வேர்ட் போட்டால்தான் திறக்கும் என்றது. பொய்யென்றால் நாற்காலி போகும். மெய்யென்றால் ஓர் உயிர் போகும். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“திரும்பச் சொல்லுங்க.”

“எத்தனை தடவைங்க சொல்றது? இங்க ஒரு உயிர் ஊசலாடிக்கிட்டு இருக்கு.”

அங்கேதான் குட்டு உடைந்தது. அக்காவை முதுகுக்குப் பின்னால் திட்டாத டிரைவர் இல்லை. ஆனால் கேட்டதும் திரும்பச் சொல்லாத டிரைவரும் இந்தப் பதினோரு வருடத்தில் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து ஏழாம் வண்டி டிரைவரின் போனுக்கே அடித்தாள்.

“நானாக்கா? டயருக்குக் காத்து அடிச்சிட்டு நிக்கிறேன். நோயாளியா? எந்த நோயாளி?”

பயிற்சிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் வாக்கி டாக்கி, முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளும் கேலி செய்த வாய்களே கைதட்டின. நாற்காலி அவளுக்குத்தான் என்று மேலாளர் அங்கேயே சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று போனில் காத்திருந்தாள்.

“இனிமே அந்த நாற்காலியில இருந்து உன்னை யாரும் எழுப்ப முடியாதுக்கா,” என்றேன்.

“திரும்பச் சொல்லு.”