தேன்மொழி மறக்கவில்லை

மீஞ்சூரில் காலை ரயில் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் அப்ரெண்டிஸ் பேட்சின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். தேன்மொழி போய்விட்டாள் என்று ஒரே ஒரு வரி. டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் வீட்டுக்குப் போகப் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடித்திருக்க வேண்டியவள், ரயில் கும்மிடிப்பூண்டி போய் நின்ற பிறகுதான் எழுந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று கொடுப்பதற்காகச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிக்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பழவேற்காட்டில் படகு எஞ்சின்களைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்த தேன்மொழியை அவள் ஊர்க்காரர்கள் எழுதுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வருடம் அவளோடு தொழிற்சாலையில் வேலை பழகியவள் நான். என் பக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மணல் அச்சில் இரும்பை உருக்கி ஊற்றி லாரிகளுக்கு வார்ப்படங்கள் செய்யும் பெரிய ஆலை அது. நான் பயந்தாங்கொள்ளி. எங்கள் வயலுக்கு அறுவடை மெஷின் வந்தாலே வரப்பைத் தாண்டித் தூரப் போய் நிற்பவள். டிப்ளமோவில் மெக்கானிக்கல் எடுத்தது அந்த வருடம் வேறு பிரிவில் இடம் இல்லாததால். முதல் நாள் உலையிலிருந்து இரும்புக் குழம்பு ஊற்றுவதைக் காட்ட எங்களை அழைத்துப் போனார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண், "இன்னாடி, சொவத்துக்குள்ள பூந்துடுவ போலகீதே" என்றாள். உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "எனுக்குந்தான் பயமாகீது. பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும், கை நடுங்காம இருந்தா போதும்" என்றாள். அவள்தான் தேன்மொழி. அவள் கை நடுங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அதைச் சொல்ல இரண்டு வழக்கங்களை முதலில் சொல்ல வேண்டும். பழுது பார்க்க இயந்திரத்துக்குள் போகிறவர் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துப் போவது விதி. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு பூட்டு உண்டு, அதன்மேல் அவரவர் படம் ஒட்டியிருக்கும். அப்ரெண்டிஸ்களுக்குப் பூட்டு கிடையாது. ஒரு வருடத்தில் போகிறவர்களுக்கு எதற்கு என்று யாரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும். அதனால் நாங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போவோம். அட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. எந்தப் பலகையிலும் எழுதப்படாத விஷயம், ஆனால் எல்லோரும் மதித்தார்கள்.

இன்னொரு வழக்கம் சாப்பாட்டைப் பற்றியது. கேன்டீனில் ஒன்றரை மணிக்குள் அட்டையைக் காட்டி டோக்கன் எடுத்தால்தான் சோறு. வேலையில் சிக்கிக்கொண்டவளின் அட்டையை இன்னொருத்தி கொண்டுபோய் அவளுக்கும் டோக்கன் எடுத்து வைப்பாள். நானும் தேன்மொழியும் ஒருவருக்கொருவர் இதை எத்தனை முறை செய்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை.

வார்ப்படங்களில் ஒட்டிய மணலைப் போக்க, அவற்றை ஓர் இரும்பு அறைக்குள் தொங்கவிட்டு, நாலு பக்கமிருந்தும் பொடி இரும்புக் குண்டுகளை அசுர வேகத்தில் வீசுவார்கள். அந்த அறையின் உள்சுவர்த் தகடுகள் தேய்ந்துபோனால் ஆள் உள்ளே போய் மாற்ற வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்த முடியாதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. அது கெட்டுப்போய் மாதக்கணக்காகியிருந்தது. ஒரு புதன்கிழமை தேன்மொழி தன் அட்டையை மாட்டிவிட்டுத் தகடு மாற்ற உள்ளே போனாள். அன்று முட்டை பிரியாணி.

நான் அந்தப் பக்கம் வந்தபோது மணி ஒன்று இருபத்தைந்து. சுவிட்சில் அவள் அட்டை தொங்கியது. பாவம், பிரியாணி போய்விடுமே என்று நினைத்தேன். அட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேனா, எதுவுமே நினைக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை தன்பாட்டுக்கு அந்த அட்டையை எடுத்தது, அவ்வளவுதான்.

இரண்டு டோக்கன்களோடு திரும்பி வரும்போது ஹூட்டர் அடித்தது. அந்த இயந்திரம் ஓடுவதற்கு முன்னால் பத்து விநாடி அடிக்கும் ஹூட்டர். ஆபரேட்டர் ஏகாம்பரம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்து, சுவிட்சில் அட்டை இல்லாததைப் பார்த்துக் கதவைச் சாத்தி சுவிட்சைப் போட்டிருந்தார். நான் கத்தவில்லை, ஓடவில்லை. தேன்மொழியின் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளேயிருந்து டங் டங்கென்று ஸ்பேனரால் இரும்பில் அடிக்கும் ஓசை கேட்டது. ஏகாம்பரம் அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. சிவப்புப் பொத்தானை அறைந்தார். ஹூட்டர் நின்றது. கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். அவள் கையிலிருந்த ஸ்பேனர் ஆடிக்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிடுவதற்கு முன் கழிப்பறையில் என்னைப் பிடித்தாள். அட்டை உன்னிடமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நீ வாயத் தொறக்காத. உன்ன அனுப்பிட்டாங்கன்னா உங்க ஊட்ல அடுத்த மாசமே கல்யாணம் பண்ணிடுவாங்க. எங்க நைனா ரெண்டு நாளு திட்டிகினு இருப்பாரு, அப்பால வுட்டுடுவாரு."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள் என்பதும், இந்த வேலை ஒன்றுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாதுகாப்பு அதிகாரி முன்னால் நின்று, மாட்ட மறந்துவிட்டேன் சார் என்றாள். மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் ஏதாவது கேட்டார்களா என்றால், கேட்டார்கள். நான் கேன்டீனில் இருந்தேன் என்றேன். பொய் இல்லை, அதுதான் கேவலம்.

வருடக் கடைசியில் நிரந்தர வேலைக்கு எடுத்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. எங்கள் பேட்சிலேயே கைத்திறமை அதிகம் உள்ளவள் தேன்மொழிதான். ஏன் அவளை எடுக்கவில்லை என்று நீங்கள் பல பேர் அப்போது ஆச்சரியப்பட்டீர்கள். காரணம் அந்தக் கையெழுத்துதான். கடைசி நாள் கேட் வரைக்கும் அழுதுகொண்டே அவள் கூடப் போனேன். "எதுக்குடி அழுவுற? ஓடிப் போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

இது நடந்து ஆறு வருடம். அவள் போன் செய்யும்போதெல்லாம் அந்த அட்டையைப் பற்றி இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று பயந்துகொண்டே எடுப்பேன். அவள் கேட்டதே இல்லை. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசுவாள். வா, ஏரியில் படகில் கூட்டிப் போகிறேன் என்பாள். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஷிப்ட் என்பேன், லீவு இல்லை என்பேன்.

முதல் தடவையாக அவள் வீட்டுக்கு நான் போனது அவள் இறந்த செய்தி வந்த அன்றைக்குத்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பி வந்து போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீதான் கோமதியா? உன்னப் பத்திதான் எப்பவும் பேசிகினு இருப்பா. எம் பொண்ணு நல்லவதாம்மா, கொஞ்சம் கவனம் பத்தாது. இன்னாத்தையோ மறந்துட்டாளாம், அதான் கம்பெனில எட்துக்கல. அதச் சொல்லிச் சொல்லி அவங்க நைனா ரொம்பத் திட்டிட்டாரு. இப்ப அவ போனப்பறம் அத நெனச்சி நெனச்சி அவருக்கு மனசு ஆறவே இல்ல."

அவர் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதுவதற்கும் தைரியம் வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை இன்று காலை தொழிற்சாலை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கூப்பிடுவார்கள். இப்போதே வியர்க்கிறது.

அம்மா, இதை யாராவது உங்களுக்கும் அவள் நைனாவுக்கும் படித்துக் காட்டுவார்கள். உங்கள் மகள் எதையும் மறக்கவில்லை. அட்டையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். எடுத்தது நான். அவளுடையது என்று என்னிடம் இருப்பது நான் இப்போது பார்க்கும் வேலை. அது அவளுக்கு வந்திருக்க வேண்டியது.