சீ.ஆர். கொப்பியில் இருந்த வாசகர்கள்

எங்கள் டவுன் நூலகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மலர் போன மாதம் என் கைக்கு வந்தது. வழவழப்பான தாள், நகர சபைத் தலைவர்கள் எல்லோருக்கும் வண்ணப் படம். 1982இல் கூட்டுறவுக் கடை மாடியில் இரண்டு அலுமாரியோடு தொடங்கியது, 1990இல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கட்டடம் கட்டியது, 2004இல் தேயிலைத் தோட்ட மக்களுக்குக் கதவைத் திறந்து ‘ஒரே நாளில் 347 பேரை’ அங்கத்தவராக்கியது என்று வரலாறு வரிசையாகப் போகிறது. இரண்டு தரம் புரட்டிவிட்டேன். மத்தியாஸ் என்ற பெயர் ஒரு மூலையிலும் இல்லை. வந்த ஆத்திரத்தில் மலரைத் தூக்கி விறகு மேல் போட்டேன். அந்த 347 என்ற எண்ணுக்காகத்தான் திரும்ப எடுத்தேன்.

மத்தியாஸ் அண்ணன் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கீழ் லயத்து ஆள். தொண்ணூற்றொன்றில் நூலகத்துக்குக் கூட்டித் துடைக்கப் போனார்; போகப்போகப் புத்தகத்துக்கு எண் ஒட்டுவது, அலுமாரியில் அடுக்குவது என்று எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. ஆனால் வேலை தற்காலிகம். மனிதருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தேத்தண்ணீரையும் நின்றுகொண்டேதான் குடிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை அது பாட்டுக்குப் புத்தகத்தை அடுக்கும். கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்.

நான் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய் ஒரு நாவல் கேட்டேன். அங்கத்தவராக வேண்டும், அதற்கு டவுனுக்குள் வீட்டு வரி கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார் நூலகர் துரைராசா. யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை, சட்டம் பேசுகிறவர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நாங்கள் எங்கே வரி கட்டுவது? எங்களுக்குத் தெரிந்தவர்களும் லயத்தில்தானே இருக்கிறார்கள்? இங்கேயே இருந்து வாசியுங்கள் என்றார். கிடைப்பதே ஒரு ஞாயிறு, அதில் சந்தைக்கும் போக வேண்டும். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிலையத்துக்கு மத்தியாஸ் அண்ணன் ஓடி வந்தார். பேப்பரில் சுற்றிய அதே நாவலை என் பைக்குள் திணித்தார்.

“அடுத்த ஞாயிறு கொண்டாந்து குடுத்துருங்க தங்கச்சி. மழையில நனைஞ்சா நனைஞ்சிச்சுன்னு சொல்லுங்க, மறைக்காதீங்க.”

கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் என் பெயர், தோட்டத்து டிவிசன், புத்தக எண் எல்லாம் நின்றபடியே எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் எழுபது பேர் இருந்தார்கள். நான்தான் பெரிய புத்திசாலி என்று நினைத்திருந்தேன்!

எட்டு வருடம் இப்படியே போனது. சபை ஜீப் சத்தம் கேட்டாலே அவர் முகம் வெளுத்துவிடும். வருடாவருடம் புத்தகக் கணக்கெடுப்பில் இவர் எண்ணைச் சொல்ல, துரைராசா சரி போடுவார். அலுமாரியில் இல்லாத புத்தகத்துக்கும் இவர் கூசாமல் எண் சொல்லிவிடுவார். சரியான கள்ளன்தான், என்ன செய்வது.

2003இல் நல்லதும் கெட்டதும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் வெளி அதிகாரி ஒருவர் வந்து புத்தகங்களை எண்ணுவார், ஒன்று குறைந்தாலும் நிரந்தரம் கிடையாது. அப்போது லயங்களில் இருந்தவை தொண்ணூற்றிரண்டு புத்தகங்கள். மத்தியாஸ் அண்ணன் சுற்றியிருந்த நான்கு தோட்டத்தையும் காலால் அளந்தார். ஒரு புத்தகம் கலியாண வீட்டுக்குப் போய் பட்டிப்பொலையில் கிடந்தது, ரயில் ஏறிப் போய் எடுத்து வந்தார். என்னிடம் வந்தபோது செருப்பு அறுந்து கையில் இருந்தது. கணக்கெடுப்புக்கு முதல் நாள் தொண்ணூற்றிரண்டும் அலுமாரியில் ஏறிவிட்டன. வந்த அதிகாரி ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் குறையில்லாத கணக்குதான் வினையாகப் போனது. சபைக் கூட்டம் நூலகத்திலேயே நடந்தது. கணினி வைக்க இடம் தேவைப்பட்டதால் செயலாளர் இரவல் பதிவேட்டைப் பார்த்தார். தமிழ்ப் புத்தகங்களை வருடத்தில் முப்பது பேர் கூட எடுக்கவில்லை. எல்லாம் அலுமாரியில் புதிதாக நிற்கிறது, வாசிக்க ஆளில்லை, இருக்கும் மூன்று தமிழ் அலுமாரியில் இரண்டைப் பெட்டி கட்டிச் சந்தைக் கட்டடத்துக் களஞ்சியத்துக்கு அனுப்பலாம், இனித் தமிழ்ப் புத்தகம் வாங்கத் தேவையில்லை என்றார். பதிவேடு சொல்வதைத் துரைராசாவாலும் மறுக்க முடியவில்லை. அடுத்த விஷயம் மத்தியாஸின் நிரந்தரக் கடிதம். கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது.

தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மத்தியாஸ் அண்ணன் தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். நான்கு சீ.ஆர். கொப்பிகளோடு திரும்பி வந்தார். பிறகு நடந்ததைத் துரைராசாவே என்னிடம் சொன்னார். முதல் கொப்பியைத் திறந்ததுமே அவருக்கு விளங்கிவிட்டதாம். அதை மூடி, மெதுவான குரலில் தடுத்துப் பார்த்திருக்கிறார்.

“உமக்கு விசரோ, மத்தியாஸ்? கடிதம் மேசையிலை கிடக்குது.”

“இருக்கட்டுங்க ஐயா. வாசிக்கிற ஆளுக இதுலதான் இருக்காங்க.”

செயலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முந்நூற்று நாற்பத்தேழு பேர். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். யாரையும் கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

அலுமாரிகள் அங்கேயே நின்றன. மத்தியாஸ் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். துரைராசா விடாமல் எழுதி எழுதி அடுத்த வருடம் சட்டத்தை மாற்ற வைத்தார்: அங்கத்தவர் ஒருவர் பிணை நின்றால் போதும். முதல் பிணைகளுக்குத் தானே கையெழுத்துப் போட்டார். கொப்பியில் இருந்த வரிசைப்படியே எங்களைப் பதிந்தார். மலர் பீற்றிக்கொள்ளும் அந்த ஒரே நாள் அதுதான்.

போன ஞாயிறு மலரை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். மத்தியாஸ் அண்ணன் அங்கே மரக்கறிச் சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறார். நின்றபடியே புரட்டி 347ஐப் பார்த்தார்.

“கணக்கு சரிதான்,” என்றார்.

“ஒன்னு கொறையுதுண்ணே. ஒங்க பேரை ஏன் எழுதல?”

“நான் எங்க தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போனேன்? உள்ளுக்கே இருந்துட்டேன்ல.”

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். இந்த மனிதர் ஓடிவிடுவார் என்று தெரியும், அதனால் நூலக அங்கத்துவப் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். கோவா மூட்டை மேல் வைத்துக் கையெழுத்துக் கேட்டேன். பிணை நிற்பவர் என்ற இடத்தில் ‘அழகம்மா, அங்கத்துவ இல. 71’ என்று என் பெயர் இருந்ததை அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூட்டை மேல் கொஞ்சம் இடம் ஒதுக்கி உட்கார்ந்து, பெயரை முழுதாக எழுதினார்.