தூக்குவண்டியும் மாமனார் கையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் குளச்சலில் ஒரு கம்பெனியின் கிட்டங்கியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பனைமட்டை நாரான பனந்தும்பைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்துக் கப்பல் வரும்போது ஏற்றி அனுப்புவதுதான் அங்கே வேலை. தும்பு கட்டுவது, தூக்குவது, எண்ணுவது எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இங்கிலீஷ் படிக்க மட்டும் நான் ஒருவன்தான். அந்த ஒரே குற்றத்துக்காகத்தான் தூக்குவண்டி என் தலையில் விழுந்தது.

வண்டி சீமையிலிருந்து பெட்டியில் வந்தது. நாலு இரும்புச் சக்கரம், இரண்டு ஆள் உயரத்துக்கு இரண்டு தூண், நடுவில் ஏறி இறங்கும் ஒரு பலகை, பக்கத்தில் ஒரு கைப்பிடி, அது தானாகச் சுழலாமல் மாட்டி நிறுத்த ஒரு இரும்புப் பல். பலகையில் தும்புக்கட்டை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மேலே போகும். மெல்ல விட்டுக்கொடுத்தால் கீழே வரும். கூடவே ஒரு சிறு புத்தகமும் இருந்தது. ஓட்டுகிறவன் குடிக்காதவனாக, நல்ல கண்ணுள்ளவனாக, அவசரப்படாதவனாக இருக்கவேண்டும். பலகைக்கு அடியில் எந்தக் காரணத்தாலும் ஒருவரும் நிற்கக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. தகுந்த ஆளைப் பொறுக்கிப் பழக்கவேண்டியது கணக்கரின் பொறுப்பு என்று கம்பெனித் துரை உத்தரவிட்டுவிட்டு, மலையில் இருக்கும் தன் பங்களாவுக்குப் போய்விட்டார்.

ஆள் எடுக்கும் செய்தி பரவியதும் எனக்குத் திடீரென்று மரியாதை கூடியது. ஒருவன் உபதேசியாரின் சிபாரிசோடு வந்தான். ஓய்வுநாள் தவறாமல் கோவிலுக்கு வருகிறவன் என்று எழுதியிருந்தது. இன்னொருவனுக்கு அரிசிக்கடைக்காரர் சொன்ன தகுதி, அவன் தன் மனைவியின் அண்ணன் என்பது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். வந்தவர்களையெல்லாம் காலிப் பலகையை ஏற்றி இறக்கச் சொன்னேன். அநேகம் பேர் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோலச் சுற்றினார்கள். உபதேசியாரின் ஆள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கும்பிட்டான். பலகை விழுந்த சத்தத்தில் கிட்டங்கிப் பூனை இரண்டு நாள் தலைகாட்டவில்லை.

ஒருவன் மட்டும் நிதானமாக ஏற்றினான், நிதானமாக இறக்கினான், இறக்கியபின் பல்லை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தான். குடி கிடையாது. கண்ணுக்குக் குறைவில்லை. புத்தகத்துக்கு இவன்தான் மாப்பிள்ளை என்று முடிவு செய்தேன். அவன் வேறொருவருக்கும் மாப்பிள்ளை என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த வேறொருவர் எங்கள் சுமட்டுக்காரர்களின் மூப்பர். முப்பது வருஷம் தலையில் கட்டு சுமந்தவர். கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது, ஆனால் கைகள் இரண்டும் துடுப்பு மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் ஒருவன் தலைச்சுமையோடு வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவன் கைகொடுத்து இறக்கவேண்டும். தெரிந்தவனா, பகையாளியா என்று பார்க்கக்கூடாது. வழக்கு நடத்துகிற அண்ணன் தம்பிகள்கூடச் சுமட்டை இறக்கிவைத்துவிட்டுத்தான் திட்டத் தொடங்குவார்கள்.

முதல் நாள் மருமகன் கட்டை இறக்கினான். பலகை பாதி வந்திருக்கும், மூப்பர் நேராக அடியில் போய் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். மூப்பர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒருத்தன் சுமடு எறக்கும்போ கையக் கெட்டிட்டு நிக்கியவன் மனுசனா சாரே?"

"எறக்குகது மனுசன் இல்ல மூப்பரே, யந்திரமாக்கும்."

"யந்திரத்தப் பிடிச்சிட்டு நிக்கியது என் மருமொவன்லா?"

அன்றிலிருந்து அந்த இரண்டு கைகளைப் பலகைக்கு அடியிலிருந்து வெளியே எடுப்பதே என் உத்தியோகமாயிற்று. கணக்கு தானாக எழுதிக்கொண்டது.

முதலில் வண்டியைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். மூப்பர் கோடு அழியாமல் வேட்டியைத் தூக்கிப்பிடித்துத் தாண்டி உள்ளே போனார். பிறகு மணி வைத்தேன். இறக்குவதற்கு முன் மணி அடித்தால் எல்லாரும் விலகவேண்டும் என்பது ஏற்பாடு. மணி அடித்ததும், எங்கோ பாரத்துக்கு ஆள் போதவில்லை என்று எண்ணி, வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்தார்கள். அடியில் ஐந்து பேர் நின்ற இடத்தில் பதினோரு பேர் நின்றார்கள். சாயங்காலமே மணியைக் கழற்றி என் மேசைக்குள் போட்டேன்.

கடைசியில் ஓட்டுகிறவனிடமே போனேன். அடியில் ஆள் நின்றால் அதட்டி விலக்குவதும் அவன் வேலைதான் என்றேன். அவன் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மத்தவனையெல்லாம் சொல்லிருவேன் சாரே. மாமாவ எப்பிடி மாறி நில்லும்னு சொல்ல? பொண்ணு தந்த மனுசனாக்கும்."

சொன்னபடியே மற்றவர்களை விலக்கினான். மாமனார் மட்டும் நின்றார். அவர் நிற்கும்போது இவன் கைப்பிடியை இன்னும் மெதுவாக, முட்டைக்கூடை இறக்குவதுபோல இறக்குவான். அவனால் முடிந்த மரியாதை அது.

ஓட்டுகிறவனை மாற்றவேண்டும், அல்லது மூப்பரை வேறு பக்கம் அனுப்பவேண்டும் என்று துரைக்கு எழுதினேன். பழகிய ஆளை மாற்றவேண்டாம், மூப்பர் இல்லாமல் சுமட்டுக்காரர்கள் வேலை செய்யமாட்டார்கள், விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும் என்று பதில் வந்தது. மூன்றும் சரி. மூன்றையும் சேர்த்து எப்படிச் செய்வதென்றுதான் அவரும் எழுதவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் தினமும் போய்ச் சொன்னேன். மூப்பர் தினமும் தலையாட்டினார்.

ஆனி மாதச் சாரலில் கூரை ஒழுகிக் கட்டுகள் ஊறிப்போயிருந்தன. மேலடுக்கிலிருந்து ஒன்றை இறக்கும்போது அது பலகையில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் அதைப் பார்த்தேன். மருமகனும் பார்த்தான், கைப்பிடியைப் பற்றி நிறுத்தினான், பல்லும் மாட்டினான், பழக்கியதில் ஒன்றையும் விடவில்லை. பலகை நின்றது. கட்டு நிற்கவில்லை. மூப்பர் கைகளை இன்னும் உயர்த்தினார்.

கட்டு விழுந்து, அவரும் விழுந்து, எல்லாம் அடங்கியபிறகுதான் மருமகன் வாயிலிருந்து அது வந்தது. சத்தமே இல்லை.

"மாறி நில்லுங்க மாமா."

மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. மருமகன் அதற்குப்பின் கைப்பிடியைத் தொடவில்லை. கட்டுமரத்துக்குப் போய்விட்டான்.

மறுபடியும் ஆள் எடுக்கச் சொல்லித் துரை எழுதினார். இம்முறை நான் புத்தகத்தில் இல்லாத ஒரு தகுதியைச் சேர்த்துக்கொண்டேன்: கிட்டங்கியில் யாரையும் முறைசொல்லிக் கூப்பிடாதவனாக இருக்கவேண்டும். குளச்சலைச் சுற்றி அப்படி ஒருவன் இல்லை. மாமன், மச்சான், சித்தப்பன், அதுவும் இல்லாவிட்டால் ஞானத்தகப்பன். அதனால் தூத்துக்குடியிலிருந்து ஒருவனை வரவழைத்தேன். அவனுக்கு இங்கே நாய்கூடத் தெரியாது. வந்த அன்றே எல்லாரையும் நாக்கூசாமல் ஏசி விரட்டினான். ஒற்றைக் கையோடு வேலைக்குத் திரும்பிய மூப்பரையும், "ஏ கெழவா, அங்கிட்டுப் போ" என்றான். மூப்பர் முகம் கறுத்துப்போய் வாசலில் உட்கார்ந்தார். சுமட்டுக்காரர்கள் அவனை அடிக்கத் திட்டம்போட்டார்கள். எனக்கோ அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு கெட்ட வார்த்தையும் காதில் தேனாக இருந்தது. அந்த நாலு மாதம்தான் கிட்டங்கியில் நான் நிம்மதியாகச் சோறு தின்ற காலம்.

தை பிறந்தபோது மூப்பர் என் மேசைக்கு வந்தார். வெற்றிலையை இடது கையால் நீட்டவேண்டியிருப்பதற்கு முதலில் மன்னிக்கச் சொன்னார். தம்பி மகளுக்குக் கல்யாணம், கட்டாயம் வரவேண்டும் என்றார். மாப்பிள்ளை யாரென்று கேட்டேன்.

"நம்ம தூக்குவண்டிக்காரன்தான் சாரே. வாய் கொஞ்சம் மோசம். ஆனா குடி கெடையாது, நல்ல நிதானம். நீங்க பொறுக்கின ஆளாச்சே."

கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வேலைக்கு வந்தான். முதல் கட்டு இறங்கத் தொடங்கியது. வழக்கம்போல அவன் அதட்ட, ஆட்கள் சிதறினார்கள். மூப்பர் வாசலிலிருந்து எழுந்து, சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துத் தாண்டி உள்ளே போனார். அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, கைப்பிடியை மிக மிக மெதுவாக விட்டுக்கொடுத்தான். பலகைக்கு அடியில் ஒரு கை ஏந்தி நின்றது.