கடைசிக் கோட்டுக்கும் கீழே

அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மூன்று முறை அளந்து, பெரிய அளவைக் குறிக்க வேண்டும். கண்டியில் பிள்ளைகள் கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் எத்தனையோ தலைகளை அப்படி அளந்தேன். சில பிள்ளைகளுக்குத் தலை அளவுக்கு மீறிப் பெருக்கும். சிலருக்கு வளரவே தயங்கும். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாயின் மகள் இரண்டாவது வகை. வளர்ச்சி அட்டையில் அவளுக்காக நான் வைத்த புள்ளிகளெல்லாம் கடைசிக் கோட்டுக்கும் கீழேதான் விழுந்தன.

மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு வருவது கடினம் என்று டொக்டர் சொன்ன அன்று அந்தத் தாய் அழவில்லை. வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், இம்புட்டுச் சின்னத் தலைக்குள்ள என்னைய வச்சுக்க எடமிருக்குமா?"

"தொடர்ந்து கூட்டிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். மழையோ வெயிலோ, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஒருநாளும் விடவில்லை. நான்கு வயதில் பிள்ளை நடந்தாள். பேச்சு மட்டும் வரவேயில்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது, தாய் தேயிலை மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஐந்து வாரம் கிடந்தார். வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஐந்தாம் வாரக் கடைசியில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்த தகப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"இன்னிக்கு அவளுக்குத் துண்டு வெட்டிட்டாங்க மிஸ், ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்குக் கூட்டிப்போறோம். ஆனா இந்தப் புள்ள ஒரு நாளும் அம்மாவத் தேடல. மறந்திருச்சு போல."

நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே நெரிசலில் யாரோ வழி கேட்கும் குரல். என் விரல்களுக்கடியில் அந்தச் சின்னத் தலை சட்டென்று அசைவற்று நின்றது. அடுத்த கணம் பிள்ளை கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி, தள்ளாடித் தள்ளாடி வாசலில் வரிசையில் நின்ற அத்தனை பெண்களையும் கடந்து ஊன்றுகோலுடன் நின்ற தாயிடம் போனாள். கட்டிப்பிடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து, காலிலிருந்த மாவுக்கட்டின் மேல் உதடுகளைக் குவித்து ஊதினாள்.

இத்தனை வருட வேலையில் நான் அப்படி மலைத்து நின்றதில்லை.

தாய் ஊன்றுகோலைப் பிடித்தபடியே சொன்னார்: "இது விழுந்து எந்திரிக்கயில எல்லாம் நான்தான் மிஸ் இப்பிடி ஊதிவிடுவேன்."

பிள்ளை நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.