கத்தரீனாள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் கத்தரீனாள் பதினெட்டு வருடமாகக் கொழுந்து கிள்ளுகிறாள். புருஷன் இல்லை. ஒரே மகள் அஞ்சு, படிப்பில் கெட்டி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் பரீட்சையில் தேறினாள். அங்கே ஃபீஸ் எங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. ஏழைகளுக்கு முழுச் சலுகை உண்டு, வீட்டை வந்து பார்த்துத்தான் தருவோம் என்றார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்காவது பெரிய மனிதர்கள் வந்தால் பத்து வீட்டுச் சாமான் அங்கே போய்விடும். பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான், ஃபாதர் வந்தாலும் அப்படித்தான். செபமாலையம்மாள் சோபாவைக் கொண்டுவந்து போட்டாள். மாரித்தாய் டிவியைக் கொடுத்தாள். நான் என் சங்கிலியைக் கழற்றிக் கத்தரீனாள் கழுத்தில் மாட்டினேன். ஒருத்திக்கும் புத்தியில் உறைக்கவில்லை. பத்தாவது வரை படித்த எனக்கும்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர்: பள்ளி ஆபீஸ் ஜின்சன் சாரும் சிசிலி டீச்சரும். கேள்வி என்று ஒன்று கேட்கவில்லை. கோழிக்குழம்பை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பத்தாம் நாள் கடிதம் வந்தது. வசதியான குடும்பமாம், சலுகை கிடையாதாம். தின்ற கை காய்வதற்குள் எழுதியிருப்பார்கள்.

நாங்கள் மூன்று பேரும் கத்தரீனாளோடு ஜீப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

"சோபா என்னோடது சார், டிவி இவளோடது" என்றாள் செபமாலையம்மாள்.

ஜின்சன் சிரித்தார்.

"அப்போ ஒரு காரியம் செய்யுங்க சேச்சி. வீடு எப்படி இருக்கோ அப்படியே ஒரு போட்டோ வேணும். குட்டி, அதான் உங்க மக, முன்னாடி நிக்கணும். பணம் தர்றவங்க பார்க்கிறதாச்சே, டிரெஸ் கொஞ்சம் கிழிஞ்சிருந்தா நல்லது."

"கிழிஞ்ச துணி எங்ககிட்ட இல்ல சார். தச்சுத்தான் போடுவோம்" என்றாள் கத்தரீனாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"அது உங்க இஷ்டம். சனிக்கிழமைக்குள்ள வரணும்."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, அஞ்சுவின் பழைய கவுனை மடியில் வைத்துக்கொண்டு, தான் போட்ட தையலை எல்லாம் கத்தரீனாள் தானே பிரித்தாள்.

"தல சீவிக்கிடட்டுமாம்மா?" என்று கேட்டாள் அஞ்சு.

"வேண்டாம்."

என் போனில் நான்தான் படம் எடுத்தேன்.

சலுகை கிடைத்தது, அஞ்சுவும் சேர்ந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். முன்வாசலில் அதே படம், ஆள் உயரத்துக்கு. காரில் வந்தவர்கள் நின்று பார்த்து 'பாவம்' என்றார்கள். கத்தரீனாள் தலையைத் திருப்பிக்கொண்டு மகளைத் தேடினாள். சமையற்கட்டைச் சுற்றிக்கொண்டு அஞ்சு ஓடிவந்தாள்.

"வாசல் இங்க இருக்க, ஏன்டி அப்படிச் சுத்தி வாற?"

"அந்தப் பக்கம் நான் போறதில்லம்மா."