மாமா இரவல் கொடுத்த புத்தகம்

1. பூசணிக்காய்

பள்ளி நூலகங்களில் வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள் சிலர், இலையுதிர் காலத்துக்கும் ஹாலோவீனுக்கும் சின்ன வகுப்புகளுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். என் முதல் ஹாலோவீன் எப்படி முடிந்தது என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ என்ற பகுதிக்குப் பக்கத்தில் கன்னியர் மடம் நடத்திய ஆரம்பப் பள்ளியில் கூட்டித் துடைக்க என்னைச் சேர்த்தார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான சிஸ்டர் ஓய்வுபெற்றுப் போனபோது அந்தப் பொறுப்பை ஏற்க வேறு ஒருவரும் முன்வரவில்லை. கதவைப் பூட்டும் திறப்பு என் கைக்கு வந்தது. ஓர் அறை, சில அலுமாரிகள், இரவல் புத்தகங்களில் தேதி குத்த ஒரு முத்திரை. தலைகால் புரியாத சந்தோசம் எனக்கு.

அக்டோபர் கடைசியில், ஆங்கிலம் படிப்பிக்கும் லவுரா ரீச்சர் ஒரு முழுப் பூசணிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். சியாகுல்லியில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் கொடுத்ததாம். அவர் இத்தாலியனில் சொன்னதை, நான் பின்னால் விளங்கிக்கொண்டபடி, எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன்.

"மரியா, இந்தப் பூசணிக்காயின்ரை உள்ளை கிடக்கிறதை எடுத்துப்போட்டு நாளைக்குக் கொண்டு வாங்கோ. பிள்ளையளுக்கு வேணும்."

என் இத்தாலியன் அப்போது வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் போதுமானதாகவே இருந்தது. பூசணிக்காய், பிள்ளைகள், நாளைக்கு என்ற மூன்றும் விளங்கின. மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். மறுநாள் காலை, கடுகு தாளித்துத் தேங்காய்ப்பால் விட்ட பூசணிக் கறியோடு போய் நின்றேன்.

"முகம் எங்கை?" என்றார் லவுரா ரீச்சர்.

"எந்த முகம்?"

அவர் கையாலே கண், மூக்கு, பல் எல்லாம் வரைந்து காட்டினார். பூசணிக்காயில் முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைத்து, அதைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார்த்திப் பேய்க்கதை வாசிப்பதுதான் திட்டமாம். நான் சட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். தலைமை ஆசிரியை சிஸ்டர் அனுன்சியாத்தா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார்.

"நல்லாய்த்தான் இருக்கு. அமெரிக்கப் பேய் அதின்ரை பாட்டிலை போகட்டும். எங்கடை செத்த ஆக்கள் இருக்கினம்தானே. அவையை வச்சு ஏதாவது செய்யுங்கோ."

இப்படித்தான் ஹாலோவீன் என் கையால் கறியானது.

2. புத்தகம் தேடுதல்

இலங்கையில் என் ஊரான மன்னாரில், இறந்தோர் நினைவுநாளான நவம்பர் இரண்டாம் தேதி நாங்கள் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவோம். பலெர்மோவில் அதோடு இன்னொன்றும் உண்டு. அன்று விடியமுன் குடும்பத்தில் இறந்தவர்கள் வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசை வீட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். சீனியில் செய்த பொம்மை, வாதுமை மாவில் செய்த பழம், வசதி இருந்தால் சைக்கிள். குழப்படி செய்த பிள்ளையின் உள்ளங்காலைச் சீஸ் துருவும் துருவலையால் சுரண்டிவிடுவார்களாம். அதனால் பிள்ளைகள் முதல் நாளே குசினித் துருவலையை ஒளித்துவிடும்.

இதையே பிடித்துக்கொண்டோம். விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் காலையில் நூலகமெங்கும் புத்தகங்களை ஒளித்து வைப்பது. ஆளுக்கு ஒன்று தேடி எடுத்து, தங்கள் வீட்டில் இறந்தவர்களில் யார் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட்டு, இரவலாக வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

இரண்டாம் வகுப்பு முதலில் வந்தது. சூசி என்றொரு வாயாடி, வாசலிலேயே நின்று சட்டம் பேசினாள். "செத்தவை தாறதைத் திருப்பிக் கேக்க மாட்டினம்!"

"எங்கடை நூலகத்துக்கு வாறவை இரவல்தான் குடுப்பினம். வசதி இல்லாத ஆக்கள்" என்றேன். ஏற்றுக்கொண்டாள். கதிரைகளுக்குக் கீழே, திரைச்சீலைக்குப் பின்னால் என்று அறை அமளிதுமளியானது. ஷாலினி மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

3. ஷாலினி

ஷாலினி எங்கள் ஊர்ப் பிள்ளை. தாய் கிளாரா வீட்டு வேலைக்குப் போகிறவள். முந்தின வருடம் கிளாராவின் தம்பி மன்னாரில் காய்ச்சலில் இறந்துபோனான். அப்போது கிளாராவுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, கைக்கு வரவில்லை. போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லை. அழுதாளா என்றுகூட எனக்குத் தெரியாது. தம்பியைப் பற்றி யாருடனும் அவள் கதைப்பதில்லை.

நான் ஷாலினிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"ஏன் பிள்ளை, உள்ளை வரேல்லையோ?"

"எனக்கு ஒருத்தரும் வரமாட்டினம், அன்ரி."

"ஆர் சொன்னது?"

"மாமாவிட்டை பெர்மெஸ்ஸோ இல்லை. அது இல்லாட்டி இஞ்சை விடமாட்டினம். அம்மாவையே ஊருக்குப் போய்வர விடேல்லைத்தானே."

ஆளுக்கு ஒரு புத்தகம் என்று எண்ணி வைத்த நான், ஒவ்வொரு பிள்ளையின் ஆளும் எந்த நாட்டில் இறந்தார் என்று யோசிக்கவில்லை. விளையாட்டைக் குழப்பிவிட்டு எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நாங்கள் கதைத்த தமிழ் சூசிக்கு விளங்கவில்லை. ஆனால் நடுவில் கேட்ட அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது. பலெர்மோப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

"பெர்மெஸ்ஸோவோ? என்ரை தாத்தா பெல்ஜியத்திலை சுரங்க வேலை செய்து அங்கையே செத்தவர். அங்கைதான் தாட்டது. வருசா வருசம் வாறார். ஒருத்தரும் மறிக்கிறேல்லை. வா, உன்ரை ஆளும் வச்சிருப்பார்" என்று ஷாலினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஷாலினி ஒன்றைக் கண்டெடுத்தாள். சொற்கள் இல்லாமல் படங்கள் மட்டுமே உள்ள, மீன்களைப் பற்றிய புத்தகம். நான் அதை வேண்டுமென்று அவளுக்காக வைக்கவில்லை. கைக்கு வந்ததைச் செருகியிருந்தேன்.

அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமாவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாதுதானே. அதுதான் படப்புத்தகமாய்ப் பாத்து எடுத்திருக்கிறார்."

முத்திரை குத்த வந்தபோது இன்னொன்று கேட்டாள்.

"அன்ரி, அம்மாவுக்கும் ஒண்டு தாங்கோவன். ஒளிச்சு வைக்க. அவவின்ரை தம்பிதானே, அவவுக்கும் கொண்டு வந்திருப்பார்."

பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இரவல் என்பது விதி. ஷாலினியின் பெயரிலேயே இரண்டாவது புத்தகத்தையும் கொடுத்தேன். அது துறைமுகங்களின் படங்கள் உள்ள புத்தகம்.

அடுத்த நாள் பள்ளி விடும் நேரத்தில் கிளாரா நேரே நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் அவள் பையில் இருந்தது.

"அக்கா, தலையணைக்குக் கீழை இருந்தது. இவள்தான் வச்சவள் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் அவன் தந்ததெண்டுதான் எடுத்தனான்." பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இதைத் திருப்பித் தரவேணுமோ?"

"இப்ப வேண்டாம். தேதி முடியக் கொண்டு வா. புதுத் தேதி குத்தித் தாறன்."

தேதி முடிந்ததும் கொண்டு வந்தாள். குத்திக் கொடுத்தேன். அன்று அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள், பிரான்சிஸ். அடுத்த முறை வந்தபோது சின்ன வயதில் அவன் நீந்திப் போய் ஆழத்தில் மாட்டித் தப்பிய கதையைச் சொல்லிச் சிரித்தாள். அதற்கடுத்த முறை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள். நான் நூலகக் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பள்ளி மூடும் கோடைகாலம் வரை அந்தப் புத்தகம் அவளிடம்தான் இருந்தது.

யோசனை கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பூசணிக்காய் வெட்டுங்கள், இலை ஒட்டுங்கள், புத்தகம் ஒளியுங்கள். எதைச் செய்தாலும் வாசலில் நிற்கும் பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். இன்னொன்று, அந்தத் தேதி முத்திரை புத்தகத்தைத் திரும்ப வாங்குவதற்கு என்று நானும் நினைத்திருந்தேன். ஆளைத் திரும்ப வரவைப்பதற்கும் அதுதான்.